கைதட்டத் தெரிந்தவர்கள்

உலகத்திலேயே கூர்மையான கண் யாருக்கு என்று கேட்டால், பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் மதிப்பெண் போட உட்கார்ந்திருக்கும் நடுவர்களுக்கு என்றுதான் சொல்வேன். ஒரு பெண் ஓடிவந்து, ஸ்பிரிங் பலகையை மிதித்து, வால்ட் மேசையில் கை ஊன்றி எழும்பி, காற்றில் சுழன்று பாயில் வந்து நிற்பதற்கு ஓட்டத்தையும் சேர்த்துச் சில விநாடிகள்தான். அதற்குள் முழங்கால் மடங்கியதா, கால்கள் பிரிந்தனவா, பாதத்தின் நுனி நீண்டிருந்ததா என்று அத்தனையும் பார்த்துவிடுகிறார்கள். இறங்கியதும் சின்னதாக ஓர் அடி நகர்ந்தால் 0.1 போச்சு. பெரிய அடி என்றால் 0.3. விழுந்தால் ஒரு முழுப் புள்ளி. அடி எடுத்து வைத்த அந்தக் கணுக்காலுக்குள் என்ன கிழிந்திருக்கிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. அதை அவர்கள் பார்ப்பதும் இல்லை. தன் வேலையை மட்டும் இத்தனை சுத்தமாகச் செய்பவர்களை வேறு எந்தத் துறையிலும் நான் கண்டதில்லை.

பதக்கம் வாங்கிய பெண்களைப் பற்றி எழுதியாகிவிட்டது. அவர்களை அந்த மேடை வரைக்கும் கொண்டுவந்து விட்டவர்களைப் பற்றி யாரும் மனதாரப் பாராட்டி எழுதவில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை. கோச், டாக்டர், சம்மேளனம், எழுந்து நின்று ஆரவாரம் செய்த கேலரி, டிவி முன்னால் கண்கலங்கிய நாம். இவர்கள் இல்லாமல் இந்த ஆட்டம் இல்லை. இவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது.

முதல் மரியாதை மிகாயில் கிளிமென்கோவுக்கு. மாஸ்கோவில் ராணுவ விளையாட்டுக் கழகத்தின் கோச். ஆண்களுக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்தவர், 1974ல் எலெனா முகினாவை ஏற்றுக்கொண்டார். முகினா சின்ன வயதிலேயே தாயை இழந்து பாட்டியிடம் வளர்ந்த பெண். நான்கே ஆண்டுகளில் அந்தப் பெண்ணை உலக சாம்பியன் ஆக்கினார் கிளிமென்கோ. 1978, ஸ்ட்ராஸ்பர்க். நெல்லி கிம் இரண்டாமிடம். மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் பத்துக்குப் பத்து வாங்கி உலகத்தையே வாய் பிளக்கவைத்த நாடியா கோமனேச்சி பதக்க வரிசையிலேயே இல்லை. ஒரு கோச்சின் உழைப்புக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அவருடைய குணங்களில் நான் மிகவும் வியப்பது அவருடைய தைரியத்தை. தாமஸ் சால்ட்டோ என்று ஒரு வித்தை உண்டு. அமெரிக்க வீரர் கர்ட் தாமஸ் ஆண்களுக்கான ஃப்ளோர் ஆட்டத்தில் கொண்டுவந்தது. பின்புறமாக எழும்பி, அந்தரத்தில் உடம்பை ஒன்றரை முறை முறுக்கி, ஒன்றே முக்கால் பல்டி அடித்து, கால் ஊன்றாமல் கையை ஊன்றித் தலையை உள்ளே இழுத்து உருண்டு எழ வேண்டும். மற்ற பல்டிகளில் உயரம் குறைந்தால் முழங்காலிலோ இடுப்பிலோ அடி விழும். இதில் உயரம் ஒரு சாண் குறைந்தாலும் முதலில் தரையைத் தொடுவது முகவாய். ஆண்களே நடுங்கிச் செய்த அதை முகினா செய்யலாம் என்று கிளிமென்கோ நம்பினார். கழுத்து முறிந்துவிடும் என்று முகினா அவரிடமே சொல்லியிருக்கிறார். உன்னைப் போன்றவர்களுக்கெல்லாம் கழுத்து முறியாது என்ற பொருளில் பதில் வந்தது. ஒருவருடைய கழுத்தைப் பற்றி அந்தக் கழுத்தின் சொந்தக்காரரைவிட உறுதியாக இன்னொருவர் இருப்பதென்றால், அந்த நம்பிக்கையை என்னவென்று சொல்வது!

டாக்டர்களின் சுறுசுறுப்பையும் சொல்லியாக வேண்டும். 1979 இலையுதிர் காலத்தில் முகினாவின் கால் முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். பிரித்துப் பார்த்தால் எலும்பு ஒழுங்காகக் கூடவில்லை. மறுபடி சிகிச்சை. அந்த டிசம்பரில் உலகப் போட்டியின் குழுப் பட்டம் ருமேனியாவுக்குப் போய்விட்டது. அடுத்த ஜூலையில் ஒலிம்பிக்ஸ், அதுவும் மாஸ்கோவில், சொந்த மண்ணில். நாட்டுக்கு அவசரம். எலும்புக்கு அவசரம் தெரியாது. அது தன் வாரக்கணக்கில்தான் ஆறும். எலும்புக்கும் நாட்டுக்கும் நடுவில் நின்றவர்கள் நாட்டின் பக்கம் நின்றார்கள். முழுசாக ஆறாத காலோடு முகினா பயிற்சிக்கூடத்துக்குத் திரும்பினார். குறைந்த காலத்தில் எடையும் குறைக்க வேண்டும், விட்டுப்போன வித்தைகளையும் மீட்க வேண்டும். கிறக்கத்திலும் அசதியிலும் ஓடிக்கொண்டே இருந்தார். தேசபக்தி என்பது பிறர் காலில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதற்கு அந்தச் சில மாதங்கள் நல்ல உதாரணம்.

1980 ஜூலை 3, மின்ஸ்க் நகரத்துப் பயிற்சி முகாம். கோச் அன்று ஊரில் இல்லை. முகினா தாமஸ் சால்ட்டோவுக்கு ஓடினார். எம்பிய காலில் பழைய வலு இல்லை. உயரம் போதவில்லை, சுற்று முடியவில்லை. முகவாய் தரையில் மோதிக் கழுத்து முள்ளெலும்பு நொறுங்கியது. தரையில் கிடந்தபோது தன் மனதில் முதலில் ஓடியது என்ன என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு சோவியத் பத்திரிகையிடம் அவரே சொன்னார்: அப்பாடா, இனி ஒலிம்பிக்ஸுக்குப் போக வேண்டியதில்லை.

இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. வயது இருபது. கை கால் மரத்துப்போய்க் கிடக்கிறது. வலியோ பயமோ முதலில் வரவில்லை, நிம்மதி வந்திருக்கிறது. கழுத்தெலும்பு முறிவதையே விடுதலையாக உணரும்படி ஒரு பெண்ணை வளர்ப்பது சாதாரணக் காரியமா? அதற்கு எத்தனை பேருடைய ஈடுபாடு வேண்டும், எத்தனை காலைகளும் மாலைகளும் வேண்டும்! அந்த அமைப்பின் திறமைக்கு நான் தலைவணங்குவது இந்த இடத்தில்தான்.

மூன்றே வாரத்தில் சோவியத் பெண்கள் அணி மாஸ்கோவில் குழுத் தங்கம் வென்றது. முகினாவை யாரும் மறந்துவிடவில்லை. அரசு ஒரு விருது தந்தது. சர்வதேச ஒலிம்பிக் குழு தன் ஒலிம்பிக் ஆர்டர் விருதைத் தந்தது. தானாக எழுந்து நிற்க முடியாதவருக்குக் கௌரவங்கள் வீடு தேடி வந்தன. வளர்த்த பாட்டியே மறுபடியும் பார்த்துக்கொண்டார். இருபத்தாறு ஆண்டுகள் அப்படி வாழ்ந்து, 2006 டிசம்பர் 22 அன்று, 46 வயதில் முகினா இறந்தார். தாமஸ் சால்ட்டோவைப் பெண்களுக்குத் தடை செய்தார்கள். ஆண்கள் அதே போல உருண்டு எழும் வித்தைகளை 2017 வரை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து கற்றுக்கொண்டதைப் பெண்களோடு நிறுத்திக்கொள்ளும் அடக்கம் விதிப்புத்தகம் எழுதுபவர்களுக்கு இருந்தது.

அளவு பார்ப்பவர்களையும் விட்டுவிடக் கூடாது. 2000, சிட்னி ஒலிம்பிக்ஸ், பெண்கள் தனிநபர் இறுதி. வால்ட் குதிரையின் உயரம் 125 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 120ல் வைத்துவிட்டார்கள். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஓடிவந்தார்கள். கை ஊன்ற வேண்டிய இடத்தில் ஊன்ற எதுவும் இல்லை. உலக சாம்பியன் ஸ்வெத்லானா ஹோர்கினா விழுந்தார். அமெரிக்காவின் எலிஸ் ரே வார்ம்-அப்பிலேயே மோசமாக விழுந்தார். ஒருவருக்கும் குதிரை மேல் சந்தேகம் வரவில்லை. எல்லோருக்கும் தன் மேல்தான் வந்தது. கடைசியில் ஆஸ்திரேலியப் பெண் அலானா ஸ்லேட்டர் ஏதோ சரியில்லை என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் டேப்பை எடுத்து அளந்தார்கள். உலகத்தின் தலைசிறந்த ஜிம்னாஸ்ட்டுகள் திரண்டிருந்த அரங்கில், ஒருவர் பின் ஒருவராக விழுந்தும் இது என் தப்பு என்று எண்ணவைக்கும் பணிவு ஆறு வயதிலிருந்து ஊட்டினால்தான் வரும். ஊட்டியவர்களுக்கு அந்தப் பெருமை சேர வேண்டும். மறுபடி தாவ வாய்ப்புக் கொடுத்தார்கள். ஹோர்கினா அதற்குள் பார்ஸிலும் விழுந்துவிட்டிருந்தார். வால்ட்டில் விழுந்த மனத்தோடு பார்ஸில் ஏறியவருக்கு அந்த இரண்டாவது வீழ்ச்சியைத் திருப்பி வாங்கிக்கொள்ள விதி இடம் தரவில்லை.

அமெரிக்காவுக்கு வருகிறேன். கைதட்டுவதில் அமெரிக்காவுக்கு நிகர் அமெரிக்காதான்.

1996 ஜூலை 23, அட்லாண்டா. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடிய அரங்கம். பெண்கள் குழுப் போட்டியில் அமெரிக்கா முன்னணியில் இருக்கிறது. கடைசியாக வால்ட் மட்டும் பாக்கி. பதினான்கு வயது டொமினிக் மொசியானு இரண்டு தாவலிலும் விழுந்துவிட்டார். அவருக்கு முன்பே காலெலும்பில் விரிசல் இருந்தது, அது தெரிந்துதான் ஆடினார். அடுத்து கெர்ரி ஸ்ட்ரக், பதினெட்டு வயது. முதல் தாவலில் விழுந்தார். இடது கணுக்கால் மடங்கியது. மதிப்பெண் 9.162. எழுந்து நொண்டிக்கொண்டே ஓட்டப்பாதையின் தொடக்கத்துக்கு நடந்தார். காலை உதறிப் பார்த்தார். இன்னொன்று அவசியமா என்று கேட்டார். உன்னால் முடியும் என்று வேலிக்கு அப்பாலிருந்து அவருடைய கோச் பேலா கரோய் கத்தினார். அடுத்த தாவலைத் தொடங்க விதி கொடுத்திருக்கும் நேரம் அரை நிமிடம்தான். கணுக்காலைத் தொட்டுப் பார்க்க ஒரு டாக்டருக்கு அதைவிட அதிக நேரம் ஆகும்.

ஓடினார். சுமார் 25 மீட்டர். பலகைக்கு முன்னால் உடம்பைத் திருப்பிக் கையை ஊன்றி, பின்புறமாகப் பலகையில் இறங்கி எம்பி, ஒன்றரை முறுக்கோடு பாயில் இறங்கினார். இரண்டு காலிலும் இறங்கினார். அடுத்த கணமே இடது காலைத் தூக்கிக்கொண்டார். ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தி, இந்தப் பக்க நடுவருக்கு ஒரு வணக்கம். ஒற்றைக் காலிலேயே குதித்துத் திரும்பி, அந்தப் பக்கம் ஒரு வணக்கம். பிறகு முழங்காலில் சரிந்தார். வணக்கம் வைத்த பிறகே சரிய வேண்டும் என்பது அந்த நிலையிலும் மறக்கவில்லை. 9.712.

அரங்கம் அதிர்ந்தது. தசைநார் கிழிந்த காலோடு பதக்க மேடைக்கு நடக்க முடியாததால் கரோய் அவரைக் குழந்தையைப் போல் இரண்டு கைகளில் ஏந்திக்கொண்டு போனார். அந்தப் படம் உலகெங்கும் போனது. வெள்ளை மாளிகை அழைத்தது. காலை உணவுப் பெட்டியில் படம் வந்தது. ஓட வேண்டியதில்லை என்று சொல்ல அந்த அரை நிமிடத்தில் ஓர் ஆள் கிடைக்கவில்லை. தூக்கிக்கொண்டு போகக் கிடைத்தார். தூக்கிய கைகளை நான் குறைசொல்ல மாட்டேன். அமெரிக்காவில் அந்தக் கைகளைவிட அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட கைகள் சிலதான் இருக்கும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆறு பேரில் மிகக் குறைந்த மதிப்பெண்ணைக் கழித்துவிட்டு ஐந்து பேருடையதைக் கூட்டுவது அன்றைய முறை. ஸ்ட்ரக்கின் இரண்டாவது தாவல் அணிக்குக் கூட்டிக்கொடுத்தது அரைப் புள்ளி சொச்சம். அமெரிக்கா ரஷ்யாவை வென்றது 0.821 வித்தியாசத்தில். அதாவது அந்தத் தாவல் இல்லாமலே தங்கம் வந்திருக்கும். அந்த நேரத்தில் ரஷ்யப் பெண்கள் ஃப்ளோரில் ஆடி முடிக்கவில்லை, யாருக்கும் முடிவு தெரியாது என்பது உண்மை. ஆனால் முடிவு தெரிந்த பிறகும் அந்தக் கதையின் ஒரு வரி மாறவில்லை. தேவையில்லாமல் ஒரு கணுக்கால் போய்விட்டதே என்று ஒரு நாடு துக்கப்படவில்லை, முன்னைவிடப் பெருமைப்பட்டது. ஸ்ட்ரக் தனிநபர் இறுதிகளில் ஆட முடியவில்லை. அத்தனை ஆண்டு உழைத்ததில் தனக்கென்று அவர் வைத்திருந்தது அது. அதைப் பற்றி வருத்தப்படும் இடத்தைக் கைதட்டல் நிறைத்துவிட்டது.

அதே ஒலிம்பிக்ஸில், பீம் இறுதியில் மொசியானு தலை மோத விழுந்தார். பத்து சென்டிமீட்டர் அகலம், ஒரு செங்கல் அளவு. அதிலிருந்து விழுந்த சிறுமியின் தலையையோ கழுத்தையோ யாரும் பரிசோதிக்கவில்லை என்றும், சற்று நேரத்தில் ஃப்ளோர் இறுதியில் ஆடினார் என்றும் அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அங்கே டாக்டரே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அணியின் மருத்துவக் குழுவில் லாரி நாசர் இருந்தார்.

நாசரைப் பற்றி அந்தப் பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று, அவர் அன்பாக இருந்தார் என்பது. டெக்சாஸ் காட்டுக்குள் கரோய் தம்பதியின் பண்ணையில்தான் அன்று தேசிய அணியின் முகாம் நடந்தது. பெற்றோருக்கு அனுமதி இல்லை. என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை ஆள் வைத்துக் கவனித்தார்கள். வலிக்கிறது என்று சொன்னால் சோம்பேறிப் பட்டம். அங்கே ரகசியமாக மிட்டாய் கொடுத்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்ட ஒரே மனிதர் அவர். 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் எழுந்து நின்று, சிகிச்சை என்ற பெயரில் அவர் தங்களுக்குச் செய்ததைச் சொன்னார்கள். நாற்பது முதல் நூற்றெழுபத்தைந்து ஆண்டுவரை சிறை என்று தீர்ப்பானது. நாசர் ஒரு கொடியவன், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் ஒரு மிட்டாய்க்கு அவ்வளவு மதிப்பு வரும்படி ஒரு கூடத்தை நடத்தியவர்களின் கட்டுப்பாட்டையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். வலியை வெளியே சொல்லாதே என்று அவர்கள் கொடுத்த பயிற்சி அத்தனை செம்மையாக இருந்ததால்தான், அந்தப் பெண்கள் எல்லா வலியையும் சொல்லாமலே இருந்தார்கள்.

பிரிட்டனிலும் இந்தக் கட்டுப்பாடு இருந்திருக்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் புகார்களை விசாரித்து ஆன் வைட் 2022ல் வெளியிட்ட அறிக்கைக்காக நானூறுக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதியனுப்பினார்கள். தாகத்துக்குத் தண்ணீர் மறுத்தது, கழிப்பறைக்குப் போக விடாதது, காயத்தோடு ஆடவைத்தது, எடை பார்த்துப் பார்த்துத் திட்டியது, சாப்பாடு இருக்கிறதா என்று பிள்ளைகளின் பையைத் துழாவியது. பிள்ளைகள் உணவை ஒளித்துவைத்துச் சாப்பிட்டார்கள். பட்டினி இல்லாத தேசத்தில், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பசியின் அருமையைக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்கள் அவர்கள்.

எடை என்றதும் மிசோரியைச் சேர்ந்த கிறிஸ்டி ஹென்ரிச் நினைவுக்கு வருகிறார். 1988ல் ஒலிம்பிக் அணியில் 0.118 புள்ளியில் இடம் தவறியது. அந்த ஆண்டு புடாபெஸ்ட் போட்டியில், ஒலிம்பிக் அணிக்கு வர வேண்டுமானால் உடம்பைக் குறை என்று ஓர் அமெரிக்க நடுவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. வெளிப்படையான அறிவுரை, ஒரே ஒரு வாக்கியம். சொன்னதைச் செய்யும் பிள்ளை செய்தது. 1989ல் உலகப் போட்டியில் பார்ஸில் நான்காமிடம் கூட வந்தது. சாப்பிடாமல் இருப்பது அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 1994 ஜூலை 26 அன்று, 22 வயதில், உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து இறந்தார். அப்போது எடை முப்பது கிலோவுக்கும் குறைவு. அறிவுரை பலித்தது என்பதைத் தவிர நான் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

அயலாரையே புகழ்ந்துகொண்டிருந்தால் நம்மவர்கள் மனம் நோகும். 2016 ஆகஸ்ட் 14 இரவு இந்தியா தூங்கவில்லை. அகர்தலாவின் தீபா கர்மாகர் ரியோ ஒலிம்பிக்ஸ் வால்ட் இறுதியில். தட்டைப் பாதத்தோடு பிறந்த பெண். தொடக்கத்தில் பழைய ஸ்கூட்டரின் உதிரிபாகத்தை வைத்துச் சமாளித்துச் செய்த கருவியில் பயிற்சி கொடுத்தார் கோச் பிஸ்வேஸ்வர் நந்தி. ஃபிசியோதெரபிஸ்ட்டை ரியோவுக்கு உடன் அனுப்புவது வீண்செலவு என்று முதலில் மறுத்துவிட்டார்கள் என்று அப்போது செய்தி வந்தது. தீபா இறுதிக்குத் தகுதி பெற்ற பிறகு அவசரமாக அனுப்பினார்கள். இறுதிக்கு வரும் முழங்காலுக்குத்தான் வைத்தியம் என்பதில் ஒரு சிக்கனம் இருக்கிறது. வரிப்பணத்தைக் காப்பாற்றிய அந்தக் கைகளுக்கு வணக்கம்.

தீபா செய்தது ப்ரொடுனோவா. முன்புறமாகக் கை ஊன்றி எழும்பி, உடம்பைச் சுருட்டிக்கொண்டு இரண்டு முன்பல்டி. ரஷ்யாவின் எலெனா ப்ரொடுனோவா 1999ல் கொண்டுவந்தது. முன்புறமாகச் சுற்றுவதால் தரை எங்கே இருக்கிறது என்று கடைசிவரை கண்ணுக்குத் தெரியாது. சுற்று குறைந்தால் கழுத்து, மிஞ்சினால் முகம். நான் சாக விரும்பவில்லை என்று சொல்லி அமெரிக்காவின் சிமோன் பைல்ஸே அதைத் தொடவில்லை. ஆனால் அப்போது அதன் கடினத்துக்கு 7.0 புள்ளி. இறங்கும்போது உட்கார்ந்தே போனாலும் ஒரு புள்ளிதான் கழியும். மற்றவர்கள் சுத்தமாக நின்று வாங்குவதற்குப் பக்கத்தில் வந்துவிடலாம். நல்ல கருவியும் நல்ல கூடமும் பல வருஷப் போட்டி அனுபவமும் இல்லாத நாட்டுப் பெண்களுக்கு உலகின் முன்வரிசைக்குப் போக விதிப்புத்தகம் திறந்துவைத்த வழி அது. எகிப்து, டொமினிக்கன் குடியரசு, இந்தியா என்று அந்த வழியில் போனவர்களின் நாடுகளைப் பார்த்தாலே புரியும். ஏழைகளுக்கும் ஒரு கதவு வேண்டும் என்று நினைத்தவர்கள், எந்தக் கதவைத் திறந்தார்கள் என்று பாருங்கள்.

தீபாவின் அந்தத் தாவலுக்கு 15.266, இரண்டும் சேர்ந்த சராசரி 15.066. நான்காமிடம், 0.150ல் பதக்கம் போனது. மரணத் தாவல், மரணத் தாவல் என்று நம் டிவிகளும் பேப்பர்களும் அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தன. அதற்கு முன் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி ஒரு வரி தெரியாதவர்கள் அந்த இரவு விழித்திருந்தோம். ஒரு பெண் உயிரைப் பணயம் வைக்கிறாள் என்று தெரிந்ததும் நமக்கு வந்த அக்கறை உண்மையானது. அவள் பீமில் மெதுவாக, அழகாக ஒரு நடை நடந்திருந்தால் வந்திருக்குமா என்று நான் கேட்கப்போவதில்லை. அடுத்த விதித்தொகுப்பில் ப்ரொடுனோவாவின் மதிப்பை 6.4 ஆகக் குறைத்தார்கள். தீபாவின் முழங்காலில் 2017ல் அறுவைச் சிகிச்சை நடந்தது. இந்த இரண்டு செய்திக்கும் நாம் விழித்திருக்கவில்லை. விடிந்தால் வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

இப்போது சிமோன் பைல்ஸ். 2021 ஜூலை 27, டோக்கியோ, குழு இறுதி. வால்ட்டில் இரண்டரை முறுக்குச் செய்யப் போனவர், ஒன்றரையிலேயே திறந்துகொண்டு தடுமாறி இறங்கினார். 13.766. பைல்ஸ் வாங்கும் மதிப்பெண்ணே இல்லை அது. அதோடு போட்டியிலிருந்து விலகினார். காற்றில் இருக்கும்போது தான் எங்கே இருக்கிறோம், எத்தனை முறை சுற்றினோம், தரை எந்தப் பக்கம் என்பது திடீரென்று உடம்புக்குத் தெரியாமல் போய்விடுவது ஜிம்னாஸ்ட்டுகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நிலை. தைரியம் சொல்லி அதைச் சரிசெய்ய முடியாது. உறுதியை வரவழைத்துக்கொண்டு ஓடினால் முடியும் இடம் மின்ஸ்க்.

ஆனால் அந்த நாள்களில் எத்தனை பேருக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் கைவந்திருந்தது! வாழ்நாளில் ஒரு குட்டிக்கரணம் அடிக்காதவர்கள் கேமரா முன்னாலும் கீபோர்டு முன்னாலும் உட்கார்ந்து, மன உறுதி என்றால் என்ன என்று விளக்கினார்கள். டெக்சாஸ் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் உயர் அதிகாரி ஒருவர், கெர்ரி ஸ்ட்ரக்கின் தாவலை எடுத்துக்காட்டி, பைல்ஸ் நாட்டுக்கே அவமானம் என்று எழுதினார். பிறகு மன்னிப்புக் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருஷம் கழித்தும் அவர்களுக்கு ஸ்ட்ரக்கின் கணுக்கால் நினைவிருந்தது. அந்த நினைவாற்றல் பெரிது. ஸ்ட்ரக்கே பைல்ஸுக்கு ஆதரவாக எழுதியதும், மொசியானு தன் தலைக்காயத்தைச் சொல்லி, எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருந்ததாகவே நாங்கள் உணரவில்லை என்ற கருத்தில் எழுதியதும் மட்டும் அந்த நினைவில் ஏறவில்லை.

பைல்ஸ் ஊருக்குத் திரும்பிப் போய்விடவில்லை. டோக்கியோவுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகக் கூடத்தில், மெத்தைகளைப் போட்டுக்கொண்டு, பார்ஸிலிருந்து இறங்கும் முறுக்குகளைத் திரும்பத் திரும்ப முயன்றார். ஒவ்வொரு முறையும் சுற்று அரைகுறையாக முறிந்து, முதுகில் தொப்பென்று விழுந்தார். அந்த வீடியோவை அவரே வெளியிட்டார். போட்டியில் மெத்தை இல்லை, பாய்தான் என்று விளக்கம் வேறு எழுத வேண்டியிருந்தது. காயம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் நம்புவோம் என்று கறாராக இருந்த நம் நியாய உணர்ச்சி, ஒரு பெண்ணைத் தான் விழுவதைத் தானே படம்பிடித்துக் காட்டும் நிலைக்குக் கொண்டுவந்தது.

ஆகஸ்ட் 3 அன்று பீம் இறுதிக்கு வந்தார். இறங்கும்போது முறுக்கே இல்லாத இரட்டைப் பின்பல்டி, சின்ன வயதுக்குப் பிறகு அவர் போட்டியில் தொடாதது. எதைச் செய்தால் கழுத்து மிஞ்சும் என்று யோசித்து ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். நடுவர்கள் எளிதான இறக்கத்துக்கு உரிய மதிப்பை மட்டும் கொடுத்து 14.000 போட்டார்கள். வெண்கலம். என்னைக் கேட்டால் இந்த ஆட்டத்தின் வரலாற்றில் மிகக் கடினமான இறக்கம் அதுதான், ஆனால் கடினத்தை எழுத்தால் குறிக்கும் அட்டவணையில் அதற்கு எழுத்து இல்லை.

மூன்று வருஷம் கழித்து பாரிஸ். 2024 ஜூலை 28, தகுதிச் சுற்று. ஃப்ளோர் வார்ம்-அப்பில் பைல்ஸின் இடது கெண்டைக்காலில் வலி பிடித்துக்கொண்டது. உள்ளே போய்க் காலில் டேப் சுற்றிக்கொண்டு வந்தார். வால்ட் வார்ம்-அப் முடிந்து பாதையின் தொடக்கத்துக்குத் திரும்பும்போது ஒற்றைக் காலில் குதித்தார், சிறிது தூரம் தவழ்ந்தார், சிரித்தார். பிறகு எல்லாக் கருவியிலும் ஆடி முதலிடத்தில் முடித்தார். அப்போது அவருக்கு 27 வயது. ஆடுவதா வேண்டாமா என்பது அவர் எடுத்த முடிவு. அரங்கம் எழுந்து நின்றது. டேப் சுற்றிய அந்தக் காலைக் கேமராக்கள் விடாமல் அருகில் காட்டின. டோக்கியோவில் விலகியபோது மன உறுதி இல்லை என்று எழுதப்பட்ட அதே பெயருக்குப் பக்கத்தில், மறுநாள் காலைப் பேப்பர்களில், வீராங்கனை என்று போட்டிருந்தார்கள்.